மூன்று சிகிச்சையும் அப்பாவுக்கு வேண்டுமா?

கேள்வி: எனது அப்பாவுக்கு வயது 62. திருகோணமலை திருக்கடலூரில் வசிக்கிறோம். நாற்பது வருடமாகக் கடற்றொழில் செய்தவர். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கமும் அவ்வளவு காலம் இருந்தது. நீரிழிவும் உண்டு. இடது கன்னத்தின் உட்புறத்தில் மூன்று மாதமாக ஆறாத புண்ணைப் பயொப்சி செய்தபோது புற்றுநோய் என்று அறிக்கை வந்தது. கீழ்த்தாடை எலும்பை அரித்திருக்கிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, நான்காம் நிலை 'ஏ' என்று ஸ்கான் பார்த்துச் சொன்னார்கள். மூன்று கிழமையில் சத்திரசிகிச்சை, அதன்பின் மட்டக்களப்புக்கோ மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ போய் ஆறு கிழமை கதிர்வீச்சு, கூடவே மருந்து ஏற்றுவதா என்பதைப் 'பிறகு பார்ப்போம்' என்றார்கள். மூன்றையும் ஓர் உடம்பு தாங்குமா? ஒன்றில் நம்பிக்கை இல்லாததால்தான் மூன்றையும் செய்கிறார்களா? கத்தி பட்டால் பரவும் என்று உறவினர் பயமுறுத்துகிறார்கள். கனடாவிலுள்ள அண்ணா, புதிய ஊசி ஒன்று வந்திருக்கிறது, அதைப் போட்டால் வெட்டவே தேவையில்லை என்கிறார். பெரியம்மா நாட்டு மருந்தையும் சேர்க்கச் சொல்கிறார். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று நாங்கள் சொல்லவில்லை. "புண் மாறினதும் எப்ப கடலுக்குப் போறது?" என்றுதான் அவர் தினமும் கேட்கிறார்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் 'நான்காம் நிலை' என்ற சொற்களின் கீழ் இரண்டு முறை கோடிட்டிருக்கிறீர்கள். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். நுரையீரலிலோ ஈரலிலோ வரும் புற்றுநோயில் நான்காம் நிலை என்றால் நோய் உடலின் வேறு உறுப்புகளுக்குச் சென்றுவிட்டது என்றே பெரும்பாலும் பொருள். வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்களில் கணக்கு வேறு. நோய் தாடை எலும்புக்குள் புகுந்திருந்தாலோ, கழுத்து நிணநீர்க் கணுக்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறியிருந்தாலோ, அது கழுத்துக்குக் கீழே எங்கும் போகாதிருந்தாலும் நான்காம் நிலை 'ஏ' என்றே எழுதப்படும். தூர உறுப்புகளுக்குப் பரவியதை நான்காம் நிலை 'சீ' என்பார்கள். உங்கள் அப்பாவின் நோய் முற்றியது, உண்மை. ஆனாலும் குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை செய்யக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. மூன்று சிகிச்சைகளைப் பற்றி வைத்தியர்கள் பேசியதற்கும் அந்த நோக்கமே காரணம். குணப்படுத்த முடியாது என்று கண்டிருந்தால், வலியைக் குறைக்கும் எளிய வழிகளையே சொல்லியிருப்பார்கள்.

வாய்க்குழியில் வரும் புற்றுக்கு, வெட்டி எடுக்க முடியுமானால், வெட்டுவதே முதற் சிகிச்சை. கட்டியைச் சுற்றிலும் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நல்ல தசையோடு சேர்த்து, அரிக்கப்பட்ட தாடைப் பகுதியையும், அதே பக்கத்துக் கழுத்து நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டு, மார்புத் தசையாலோ கால் எலும்பாலோ அந்த இடத்தை நிரப்புவார்கள். கண்ணுக்குத் தெரிந்த நோய் இத்தோடு போய்விடும். கண்ணுக்குத் தெரியாமல் கழுத்திலும் வாயிலும் சிந்திக் கிடக்கக்கூடிய செல்களுக்காகவே கதிர்வீச்சு. கத்தி எட்டாத இடத்தைக் கதிர் எட்டும். பெரிய கட்டியின் நடுவே குருதியோட்டம் குறைந்து ஒட்சிசன் இல்லாமல் கிடக்கும் செல்களைக் கதிரால் இலகுவில் கொல்ல முடிவதில்லை, அவற்றைக் கத்தி எடுத்துவிடும். ஆகவே ஒன்றில் நம்பிக்கை இல்லாமல் மற்றதைச் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அதற்கென்ற வேலை இருக்கிறது. கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு, காலம் கடந்து வந்து, சத்திரசிகிச்சைக்குப் பின்னும் நோய் திரும்பியவர்களைக் கண்டு எழுந்தது. அவர்களுக்கு நோய் திரும்பியது முன்பே சிந்தியிருந்த செல்களால்.

இனி, உங்களைக் கலங்க வைத்த அந்தப் 'பிறகு பார்ப்போம்'. அந்த வைத்தியர் தயங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது சரியான வார்த்தை என்பதே என் கருத்து. ஆனால் எதைப் பார்க்கப் போகிறார் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். வெட்டி எடுத்த பகுதி ஆய்வுகூடத்துக்குப் போகும். அந்த அறிக்கையில் இரண்டு வரிகளைத்தான் நாங்கள் முதலில் தேடுவோம். ஒன்று, வெட்டிய விளிம்பில் நோய் எட்டியிருக்கிறதா என்பது. மற்றது, நிணநீர்க் கணுவின் உறையைக் கிழித்துக்கொண்டு நோய் வெளியே வந்திருக்கிறதா என்பது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2004ஆம் ஆண்டு ஒரே மாதத்தில் வெளியாயின. சத்திரசிகிச்சை முடிந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கதிர்வீச்சு மட்டும், மறு பகுதியினருக்குக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். ஐரோப்பிய ஆய்வில் ஐந்து ஆண்டு முடிவில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 100க்கு 40 பேரும், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 53 பேரும் உயிரோடிருந்தார்கள். அமெரிக்க ஆய்வில் உயிர்பிழைப்பில் அவ்வளவு தெளிவான வேறுபாடு தெரியாவிட்டாலும், வாயிலும் கழுத்திலும் நோய் திரும்புவது குறைந்தது. பிறகு இரண்டு ஆய்வுகளின் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, நான் மேலே சொன்ன இரண்டு வரிகளில் ஒன்றாவது இருந்தவர்களுக்கே மருந்தால் பெரும் பயன் கிடைத்தது தெரிந்தது. மற்றவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டுமே போதுமாயிருக்கக்கூடும். ஆகவே அறிக்கை வரும் வரை காத்திருப்பது, தேவையில்லாத ஒரு சுமையை அப்பாவின் உடம்பில் ஏற்றாமல் இருப்பதற்காக.

சுமை என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினேன். அந்த ஐரோப்பிய ஆய்விலேயே கடுமையான பக்கவிளைவுகள் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 100க்கு 21 பேருக்கும், மருந்தும் சேர்ந்தவர்களில் 41 பேருக்கும் வந்தன. ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அப்படியானால் அந்த மருந்து என்னதான் செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அப்பாவுக்கே விளங்கும் விதமாகச் சொல்கிறேன். கதிர்வீச்சு புற்றுச் செல்லின் மரபிழையை அறுக்கிறது. செல் சும்மா இருப்பதில்லை, வலை பொத்துகிறவரைப் போல, அறுந்த இழையை இரவோடு இரவாகப் பொத்திக்கொள்கிறது. சிஸ்பிளாட்டின் அந்த இழையிலேயே ஒட்டிக்கொண்டு, பொத்துகிற கையிலிருந்து ஊசியைப் பறித்துவிடுகிறது. அதனால்தான் இரண்டையும் ஒரே காலத்தில் கொடுக்கிறோம். கதிர்வீச்சு எல்லாம் முடிந்த பிறகு மருந்தை ஏற்றினால் இந்தப் பயன் கிடைப்பதில்லை. மூன்று கிழமைக்கு ஒரு முறை கூடிய அளவிலோ, கிழமைக்கு ஒரு முறை குறைந்த அளவிலோ ஏற்றுவார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய நோயாளிகளில் கிழமைக்கொரு முறை ஏற்றுவது பயனில் குறைந்ததல்ல என்று ஜப்பானிய ஆய்வொன்று 2022இல் காட்டியது. நீரிழிவுள்ள ஒருவருக்கு நானும் அந்த வழியையே விரும்புவேன்.

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை இரண்டு விடயங்களை முன்கூட்டியே பார்க்க வேண்டும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் செவியையும் தாக்கும். பல வருட நீரிழிவு சிறுநீரகத்தை ஏற்கெனவே தளர்த்தியிருக்கலாம். நாற்பது வருடம் படகு இயந்திரத்துக்கு அருகில் இருந்தவர் என்பதால் செவியும் பழுதுபட்டிருக்கலாம். கடற்றொழிலாளர் பலர் "சத்தமாச் சொல்லுங்கோ டொக்டர்" என்று தலையைச் சாய்ப்பதைக் கிளினிக்கில் நான் நாள்தோறும் காண்கிறேன். அவர்கள் அதை ஒரு நோயாகவே எண்ணுவதில்லை, கேட்டாலன்றிச் சொல்வதுமில்லை. ஆகவே சிறுநீரகச் செயற்பாட்டுக்கான இரத்தச் சோதனையையும் செவிப்புலன் சோதனையையும் சத்திரசிகிச்சைக்கு முன்பே செய்துவிடும்படி நீங்களே கேளுங்கள். சிஸ்பிளாட்டின் பொருந்தாவிட்டால் வழி அடைபட்டுவிடாது. மும்பையின் டாட்டா மெமோரியல் வைத்தியசாலை 2023இல் வெளியிட்ட ஆய்வு, சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாதவர்களுக்குக் கதிர்வீச்சோடு டொசிடாக்செல் என்ற மருந்தைக் கிழமைக்கொரு முறை சிறிய அளவில் சேர்த்துப் பார்த்தது. இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 100க்கு 42 பேரிலிருந்து 51 பேராகக் கூடினார்கள். வெற்றிலையும் புகையிலையும் நமக்குப் போலவே பழக்கமான சமூகத்தில் நடந்த ஆய்வு என்பதால் எனக்கு அதில் தனி மதிப்பு உண்டு.

அண்ணா சொல்லும் ஊசி பெம்புரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தாக இருக்கும் என நினைக்கிறேன். அவர் கேள்விப்பட்டதில் பாதி சரி. வெட்டக்கூடிய நிலையிலுள்ள முற்றிய நோயில், சத்திரசிகிச்சைக்கு முன் இரண்டு முறையும், பின்பு கதிர்வீச்சோடும் அதன் பிறகுமாகப் பதினைந்து முறையும் அதைக் கொடுத்த ஆய்வு 2025இல் வெளியானது. மூன்று ஆண்டு முடிவில் நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்தவர்கள் 100க்கு 46 பேரிலிருந்து 58 பேராகக் கூடினார்கள். அமெரிக்கா அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அந்தச் சிகிச்சையின் திட்டத்திலேயே சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் இருந்தன என்பதை அண்ணாவிடம் சொல்லுங்கள். அவற்றுக்குப் பதிலாக அந்த ஊசி கொடுக்கப்படவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருந்துகளைச் சேர்க்கச் சேர்க்கப் பலன் கூடும் என்று நம்பிய காலம் எங்களுக்கும் இருந்தது. சிஸ்பிளாட்டினும் கதிர்வீச்சும் பெறுவோருக்குச் செற்றக்சிமாப் என்ற மருந்தையும் சேர்த்தார்கள், பலன் கூடவில்லை, பக்கவிளைவே கூடியது என்று 2014இல் தெரிந்தது. அதே கூட்டுச் சிகிச்சையோடு அவெலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்த ஆய்வும் 2021இல் தோல்வியாகவே முடிந்தது. எதை, எப்போது, எதனோடு சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெம்புரோலிசுமாப் உங்கள் அப்பாவுக்குப் பயன் தருமா என்பதைக் கட்டியில் செய்யும் தனிச் சோதனை ஒன்று ஓரளவு காட்டும், அதைப் புற்றுநோய் நிபுணரிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்காகச் சத்திரசிகிச்சைத் திகதியைத் தள்ளிப்போடவோ, படகையும் வளவையும் விற்கவோ வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நோயைக் குணப்படுத்துவதில் பெரும்பங்கு வகிக்கும் சிகிச்சைகள் நமது அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன.

உங்கள் ஊரில் ஒருவருக்கு வெட்டாமலே மாறியது என்றும் எழுதியிருந்தீர்கள். அவருக்கு வந்தது குரல்வளையில் என்றால் அது நடக்கக்கூடியதே. குரல்வளைப் புற்றில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளின் குரல்வளையைக் காப்பாற்ற முடியும் என்பது 1991 முதல் அறிந்த விடயம். தாடை எலும்பை அரித்த கன்னப் புற்றுக்கு அந்த வழி பொருந்தாது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது நாட்கணக்கை. சத்திரசிகிச்சை முடிந்து ஆறு கிழமைக்குள் கதிர்வீச்சு தொடங்கிவிட வேண்டும். தொடங்கினால் திங்கள் முதல் வெள்ளி வரை, 30 முதல் 33 தடவை, இடைவெளியின்றிப் போக வேண்டும். சிகிச்சை தொடங்கி நான்கு கிழமை அளவில், சாகாமல் எஞ்சிய புற்றுச் செல்கள் முன்னிலும் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அதனால் வீணாகும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று குறைகிறது. பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், பதினெட்டாவது நாள் முடிந்ததும் பேத்தியின் சாமத்திய வீட்டுக்கென்று ஊருக்குப் போனார். வாய்ப்புண்ணோடு பந்தலில் நிற்க முடியாமல் படுத்துவிட்டார், வீட்டாரும் "கொஞ்சம் தேறட்டும்" என்று வைத்துக்கொண்டார்கள். அவர் திரும்பி வந்தது ஊருக்குப் போன இருபதாவது நாளில். மிகுதியைக் கொடுத்தோம். எட்டு மாதத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது. இடைவெளிதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்த இருபது நாட்களையும் என்னால் மறக்க முடியவில்லை, போகும்போதே அவரை இருத்தி வைத்து விளக்கியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே மட்டக்களப்பா, மகரகமவா என்பதை ஆறு கிழமை தங்குவதற்கு எங்கே வசதி, யார் கூட நிற்பது என்பதை வைத்துத் தீர்மானியுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கதிர்வீச்சு கிடைக்கிறது, மொழியும் தடையாக இராது. ஏறத்தாழ 130 கிலோமீற்றர் என்றாலும், மூதூர், வெருகல், வாகரை கடந்து தினமும் போய் வரலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். மூன்றாம் கிழமைக்குப் பிறகு வாய் வெந்த மனிதருக்கு அந்த பஸ் பயணம் பெரும் தண்டனை. போயா நாளும் சித்திரை வருடப்பிறப்பும் இடையில் வருமா என்று முதலிலேயே பார்த்துக்கொண்டு, விடுபடும் தடவையை எப்படி ஈடுசெய்வார்கள் என்று கேளுங்கள். ஒரே நாளில் ஆறு மணிநேர இடைவெளி விட்டு இரண்டு தடவை கொடுக்கும் வழி இருக்கிறது.

இடையில் நின்றுபோகும் பலர் நோயால் நிற்பதில்லை, சாப்பிட முடியாமல் நிற்கிறார்கள். கதிர்வீச்சுக்கு முன் சுடுநீரில் இளகிய ஒரு வலைத் தகட்டை அப்பாவின் முகத்தில் அழுத்தி வார்ப்பார்கள். ஆறியதும் அது விறைத்து அவருடைய மூக்கும் நாடியுமாகவே நிற்கும். தினமும் அதை முகத்தில் மாட்டி மேசையோடு பூட்டிய பிறகே கதிர் பாயும். உடம்பு மெலிந்தால் அந்த வார்ப்புக்குள் முகம் ஆடும், குறி தவறும், எல்லாவற்றையும் புதிதாக அளக்க வேண்டிவரும். ஆகவே சாப்பாட்டையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எண்ணுங்கள். முட்டை, பால், தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி, முள் நீக்கி மசித்த மீன் எல்லாம் நல்லவை. உறைப்பும் புளியும் வேண்டாம். நீரிழிவுக்காக வழமையில் வைத்திருக்கும் கட்டுப்பாட்டை இந்தக் காலத்தில் நீங்களாக இறுக்காமல், நீரிழிவு மருந்தின் அளவை வைத்தியரிடம் திருத்திக்கொள்ளுங்கள். மூக்குக் குழாயால் உணவு கொடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். அது சில கிழமைகளுக்குத்தான். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வாய் கொப்பளிக்கட்டும். மருந்து ஏற்றும் காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் விடியும் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பற்களை இப்போதே காட்டுங்கள். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். பிடுங்க வேண்டியதை முன்பே பிடுங்கி, ஏறத்தாழ இரண்டு கிழமை ஆற விட வேண்டும். வாய் எவ்வளவு திறக்கிறது என்றும் இன்றே பாருங்கள். தன்னுடைய மூன்று விரலை நிமிர்த்தி முன்பற்களுக்கிடையே வைக்க அப்பாவால் முடிகிறதா? நீண்ட காலம் பாக்குச் சப்பியவர்களுக்குக் கன்னத்தின் உட்தோல் நார் பாய்ந்து இறுகியிருக்கும். சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் அதை இன்னும் இறுக்கும். கழுவிய ஐஸ்பழக் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, கிழமைக்கு ஒரு குச்சி கூட்டிக்கொண்டு போகும் பயிற்சியைச் சத்திரசிகிச்சைப் புண் ஆறியதும், வைத்தியர் சொல்லும் நாளிலிருந்து தொடங்குங்கள்.

வெற்றிலைக் கூறு இன்றோடு நிற்க வேண்டும். புகையிலையை விட்டுவிட்டேன், பாக்கு மட்டுந்தான் என்று பலர் சமாதானம் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பாக்கைத் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் வகைப்படுத்திவிட்டது. பெரியம்மாவின் நாட்டு மருந்தைப் பற்றி: சித்த மருத்துவத்தை நான் இகழ்பவன் அல்ல, நம் திருகோணமலைக் கோணேசபுரியிலேயே அது பல்கலைக்கழகப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தை நெருக்கிக்கொண்டிருக்கும் அந்தக் கிழமைகளில், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத சூரணத்தையோ பற்பத்தையோ கொடுப்பது ஆபத்து. சிகிச்சை முடியும் வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் சொல்லுங்கள். மறைப்பது அன்பினால்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் தாடையில் ஒரு பகுதி இல்லாமல் கண்விழிக்கப் போகிறவர் அவர். முகத்தைப் பூட்டிய வார்ப்புக்குள் முப்பது நாள் தனியே கிடக்கப் போகிறவரும் அவர்தான். வெறும் புண்ணுக்கு இவ்வளவா என்று பாதியில் எழுந்து வந்துவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. வைத்தியர் முன்னிலையில், நீங்கள் பக்கத்தில் இருக்க, சொல்லச் செய்யுங்கள். பெரும்பாலான நோயாளிகள் முன்பே ஊகித்திருப்பார்கள், வீட்டாருக்கு நோகக் கூடாதென்று அவர்களும் மறைத்துக்கொண்டிருப்பார்கள்.

கடலுக்குப் போவது பற்றி அவருக்கு உண்மையான பதில் ஒன்று வேண்டும். சிகிச்சை முடிந்து விழுங்குவதும் ருசியும் ஓரளவு தேற மூன்று நான்கு மாதமாகும், வாய் உலர்வு நெடுநாள் இருக்கும், போத்தல் தண்ணீர் எப்போதும் கூடவே வேண்டும். கழுத்துக் கணுக்களை எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பு காப்பாற்றப்பட்டாலும் பல மாதங்களுக்குச் சோர்ந்திருக்கும், இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சிரமப்படுவார். இயன்மருத்துவப் பயிற்சியை முதற் கிழமையிலிருந்தே கேட்டுப் பெறுங்கள். கரைவலை இழுப்பது கடினமாகவே இருக்கும். சிறிய படகில், துணைக்கு ஒருவரோடு, கழுத்தை வெயில் படாமல் துணியால் மூடிக்கொண்டு போவதை நான் தடுக்க மாட்டேன். நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் திரும்பும். ஆதலால் கிளினிக் நாளில் மட்டும் படகு கரையில் நிற்க வேண்டும்.